ஆற்றடியில் கிடைத்த சீசா

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சார்ல்ஸ்டன் துறைமுகத்தை நோக்கி ஓடுகிறது கூப்பர் ஆறு. அதில் முங்குபவருக்குக் கண்ணால் பெரிய பயன் கிடையாது. இலையும் வேரும் ஊறி ஊறி நீர் கருந்தேநீர் நிறத்தில் இருக்கும். முப்பது அடி இறங்கிவிட்டால் டார்ச் வெளிச்சம் முழங்கை தூரம் போனாலே அதிகம். கடல் ஏற்றவற்றத்தோடு நீரோட்டமும் இழுக்கும். அதனால் ஒரு கையில் பெரிய ஸ்க்ரூடிரைவரைப் பிடித்து அடித்தரையில் குத்தி ஊன்றிக்கொள்வார்கள். மறு கை துழாவும். முக்கோணமாக, ஓரம் ரம்பம் போலக் கையில் பட்டால், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன ராட்சதச் சுறாவின் பல். வழவழவென்று உருண்டு கழுத்தாகக் குறுகினால், சீசா.

அதன் வயதைக்கூட விரல் சொல்லிவிடும். அடிப்பாகத்தில் நகத்தை உரசும் வட்டமான வடு இருந்தால், வாயால் ஊதி, பிறகு கம்பியில் ஒட்டிப் பிடித்து முடித்த பழைய கண்ணாடி. அந்த வடு இல்லையென்றால் பக்கவாட்டு அச்சுக்கோட்டைத் தொட்டுக்கொண்டே மேலே போக வேண்டும். கோடு விளிம்புக்குக் கீழேயே நின்றுவிட்டால், வாயைத் தனியாகக் கையால் செய்து முடித்திருக்கிறார்கள். விளிம்பைத் தாண்டியும் ஓடினால், மைக்கேல் ஓவன்ஸ் 1903-ல் கொண்டுவந்த தானியங்கி இயந்திரத்துக்குப் பிந்தியது. சேகரிப்பவர்கள் அதைப் பெரும்பாலும் சேற்றிலேயே விட்டுவிடுவார்கள்.

இயந்திரத்துக்கு முந்தைய சீசாவை எடுத்துக்கொண்டு போனால் தவறா? கேள்வி அற்பமாகத்தான் தோன்றும். யாரோ குடித்துவிட்டு விட்டெறிந்தது. எறிந்தவரும் இல்லை, எறிந்த படகும் இல்லை. குப்பை பொறுக்குவதற்கெல்லாம் அறம் பார்ப்பதா என்று கேட்கலாம். ஆனால் கேட்பவரே அந்தச் சீசாவை நல்ல விலைக்கு விற்கிறார் என்றால், குப்பை என்ற சொல்லை அவரே நம்பவில்லை என்றுதான் அர்த்தம். (நம் ஊர்க் கோலி சோடா பாட்டிலின் மூலவடிவம் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்றது. இங்கிலாந்தில் சிறுவர்கள் கோலிக்காக உடைத்துத் தீர்த்தார்கள். இன்று முழுசாகக் கிடைப்பதற்காகப் பெரியவர்கள் பழைய குப்பைமேடுகளைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.)

அடுத்தது உயிரைப் பற்றிய வாதம். உயிரைப் பணயம் வைத்து எடுத்தேன், ஆகவே எனக்குத்தான். மனசுக்கு நியாயமாகப் படும் பேச்சு. ஆனால் உயிரைப் பணயம் வைப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு இந்த உரிமையை யாரும் கொடுத்ததில்லை. மன்னார் வளைகுடாவின் இலங்கைக் கரையில் ஆங்கிலேயர் நடத்திய முத்துக்குளிப்பில், வந்து இறங்கிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்குதான் மூச்சடக்கிப் போனவர்களுக்கு. தூத்துக்குடிச் சங்கு குளிப்பில் விதி வேறு. எடுத்து வந்த சங்கை ஓர் அளவு வளையத்தில் விட்டுப் பார்க்க வேண்டும். வளையத்துக்குள் நுழைந்து விழுந்துவிட்டால் அது சின்னச் சங்கு, திரும்பக் கடலுக்கே. எத்தனை பாகம் ஆழத்தில் எடுத்தாய், காதில் ரத்தம் வந்ததா என்றெல்லாம் அந்த வளையம் கேட்காது.

இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடக் கூடாது. முதலாவது ஆள்பவனின் பங்கு, அதில் அறத்தைவிட அதிகாரம்தான் அதிகம். இரண்டாவதில் நியாயம் இருக்கிறது. சின்னச் சங்கை எடுத்தால் நஷ்டம் அடுத்த பருவத்தில் குளிக்க வருபவருக்கு. எடுப்பவர் பட்ட பாட்டை வைத்து இங்கே எதுவும் தீர்வதில்லை. எடுப்பதால் யாருக்கு என்ன போகிறது என்பதை வைத்துத்தான் தீர்கிறது. சங்காவது முட்டையிடும், மறுபடி வளரும். சீசாவுக்கு அதுவும் இல்லை.

சீசாவால் யாருக்கு என்ன போய்விடும்? கூப்பர் ஆற்றிலேயே விடை கிடந்தது. ஆற்றின் இரு கரையிலும் ஒருகாலத்தில் நெல் பண்ணைகள். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அவர்கள் சந்ததியும் அவற்றில் உழைத்தார்கள். அவர்கள் சமையலுக்கும் சாப்பாட்டுக்கும் கையால் வனைந்த, கண்ணாடிப்பூச்சு இல்லாத மண்கலங்களைத் தொல்லியலார் கொலோனோவேர் என்கிறார்கள். கண்ணாடிச் சீசாவும் சுறாப்பல்லும் தேடி முங்கியவர்கள் இந்தச் சட்டிகளையும் மேலே கொண்டுவந்தார்கள். சிலவற்றின் அடியில் ஒரு கீறல் இருந்தது. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு கோடுகள், சில சமயம் அதைச் சுற்றி ஒரு வட்டம்.

தென் கரோலினாப் பல்கலைக்கழகத் தொல்லியலாளர் லேலண்ட் ஃபெர்குசன் இந்தக் கீறல்களின் பின்னாலேயே போனார். கீறலிட்ட சட்டிகளில் பல, நெல் பண்ணைகளை ஒட்டிய ஆற்றடியிலிருந்து வந்தவை. மத்திய ஆப்பிரிக்கக் காங்கோ மக்கள் இருப்போர் உலகத்தையும் இறந்தோர் உலகத்தையும் சிலுவைக்கோடாக வரைவார்கள், நடுவே எல்லையாக இருப்பது நீர். ஆகவே இவை கைதவறி விழுந்த சட்டிகளாக இல்லாமல், ஆற்றுக்கு அளித்த படையலாக இருக்கலாம் என்றார் அவர். எல்லா ஆய்வாளரும் இதை ஏற்கவில்லை, வனைந்தவர் இட்ட அடையாளம்தான் என்பாரும் உண்டு. வழக்கு எப்படித் தீர்ந்தாலும், அதை நடத்துவதற்கே ஒரு தகவல் வேண்டும்: சட்டி தண்ணீருக்குள் கிடந்தது, இன்ன பண்ணைக்கு நேரே கிடந்தது. அந்தத் தகவல் போய்விட்டால் வரவேற்பறை அலமாரியில் கீறல் விழுந்த ஒரு மண்சட்டி இருக்கும், அவ்வளவுதான். எழுத்தில் தங்களைப் பதித்துவைக்க வாய்ப்பே தரப்படாத மக்களுக்கு அது இரண்டாம் தடவையாக நடக்கும் இழப்பு.

இங்கே ஒரு சிக்கலையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சட்டிகளைப் பொழுதுபோக்குக்காக முங்கியவர்கள் எடுத்திராவிட்டால், ஃபெர்குசனுக்குக் கேள்வியே எழுந்திருக்காது. எடுக்கவே கூடாது என்ற விதி பார்க்கச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் அறிவு சில நேரம் அந்த விதியை மீறியவரின் பையில்தான் கரையேறுகிறது. தென் கரோலினா இதை ஓரளவு புரிந்துகொண்டது. அங்கே 1991-ஆம் ஆண்டின் நீரடித் தொல்பொருள் சட்டப்படி பொழுதுபோக்கு உரிமம் வாங்கியவர் அடித்தரையில் கிடப்பதைக் கையால் எடுக்கலாம். எடுத்ததை, எடுத்த இடத்தோடு சேர்த்து அரசுக்கு எழுதித் தர வேண்டும். புளோரிடாவும் இதைப் போன்ற ஓர் ஏற்பாட்டை 1996-ல் தொடங்கி 2005-ல் கைவிட்டது. எடுத்தவர்கள் பலர் தகவல் தரவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான குறை.

நான் எடுக்காவிட்டால் வீணாகிவிடும் என்பது மூன்றாவது வாதம். ஆறு அரிக்கிறது, நங்கூரம் உடைக்கிறது, ஆகவே பாதி உண்மை. மறுபாதி மேலே வந்த பிறகு தெரியும். உப்பு ஏறிய கண்ணாடியை அப்படியே வெயிலில் காயவைத்தால் மேற்பரப்பு மீன்செதில் போல உரியும். பல வாரம் நன்னீர் மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும். மரம் இன்னும் மோசம். சுவீடனின் வாசா கப்பலை 1961-ல் தூக்கிய பிறகு, அது சுருங்கி வெடிக்காமலிருக்க 17 ஆண்டுகள் மருந்துக் கரைசல் தெளித்தார்கள். கரையேற்றுவது ஒரு நாள் வேலை, காப்பாற்றுவது ஆயுள் வேலை. அந்த இரண்டாவது வேலைக்குத் தயாராக இல்லாதவர் காப்பாற்றினேன் என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

பால்டிக் கடலில் ஓலாந்து தீவுகளுக்கு அருகே 2010 ஜூலையில் நடந்தது இந்த விஷயத்தில் சுவையான கதை. சுமார் 50 மீட்டர் ஆழத்தில் கிடந்த பாய்மரக் கப்பலிலிருந்து, வயது பார்ப்பதற்காக ஒரு பாட்டிலை மட்டும் எடுத்து வந்தார்கள். மேலே வந்ததும் அழுத்தம் மாறித் தக்கை கழன்றது. ருசி பார்த்தார்கள், ஷாம்பெயின். நூற்றெழுபது ஆண்டுப் பழையதை நாக்கில் வைத்துப் பார்க்காமல் இருக்கும் மனவலிமை எத்தனை பேருக்கு உண்டு என்று தெரியவில்லை, அதைக் குற்றமாக எழுத இந்தப் பேனாவுக்கும் மனம் வரவில்லை. முக்கியமானது அடுத்து நடந்தது. இடத்தைச் சொன்னார்கள். சரக்கு ஓலாந்து அரசின் பொறுப்பில் வந்தது, ஆய்வகத்துக்குப் போனது. லிட்டருக்குச் சுமார் 150 கிராம் சர்க்கரை என்று 2015-ல் ஆய்வு சொன்னது. ரஷ்யச் சந்தை அந்தக் காலத்தில் கேட்டது ஏறக்குறைய அதன் இரட்டிப்பு. ஆகவே ரஷ்ய அரண்மனைக்குப் போன சரக்கு என்று பரவிய கதை ஆட்டம் கண்டது, ஜெர்மன் பகுதிகளுக்குப் போயிருக்கலாம் என்றார்கள். ஆனால் அதே அரசு 2011-ல் இரண்டு பாட்டில்களை ஏலம் விட்டு, ஒன்றை 30,000 யூரோவுக்கு விற்றது. தனி ஆளுக்குக் கூடாதது அரசுக்கு மட்டும் எப்படிக் கூடும் என்று ஒரு முங்குநர் கேட்டால், பதில் சொல்வது சுலபமில்லை. ஏடுகளில் பதிவான பிறகு விற்பதும் பதிவே இல்லாமல் மறைவதும் ஒன்றல்ல என்று வேண்டுமானால் சொல்லலாம். ஏலச் சுத்தியல் உண்டாக்கும் ஆசை இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

முங்குபவரின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சை இதிலிருந்து தனியாகப் பிரித்து, அது தொழில்நுட்பம், இது அறம் என்று வைப்பது வழக்கம். இரண்டும் ஒரே இடத்தில்தான் கெடுகின்றன. நல்ல இடம் கண்டுபிடித்தவர் அதைப் பிறரிடம் சொல்ல மாட்டார். சொல்லாததால் துணை இல்லாமல் போவார். படகில் யாரும் இருக்க மாட்டார்கள், கீழே ஆள் இருப்பதைக் காட்டும் கொடியை நட்டால் இடம் தெரிந்துவிடும் என்று அதையும் நட மாட்டார். மூழ்கிய மரத்தில் சுற்றிக் கிடக்கும் தூண்டில் நரம்பு அவர் காற்றுக்குழாயில் மாட்டும்போது, அதை அறுத்துவிட இன்னொரு கை இருக்காது. கனமான ஜாடியைத் தூக்கத் தனியாக மிதவைப் பை இல்லாமல் தன் மிதவைச் சட்டையில் காற்றை நிரப்புவார். ஜாடி கைநழுவினால், அந்தக் காற்று அவரை மேலே எறியும். கரைந்த நைட்ரஜன் ரத்தத்தில் குமிழியாகும். ராமநாதபுரம், தூத்துக்குடிக் கரையில் கம்ப்ரஸர் குழாயை வாயில் கவ்விச் சங்கெடுக்கப் போய்க் கால் விழுந்தவர்களின் வீடுகளில் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்களை அனுப்பியது வயிறு. சீசாவுக்காகப் போகிறவருக்கு அந்தச் சாக்கும் இல்லை. அவர் திரும்பி வராவிட்டால், அதே கருந்தண்ணீரில் உடலைத் தேடி இறங்க வேண்டியவர் வேறொருவர். அந்த ஆபத்தை இவர் எந்த உரிமையில் அவர் தலையில் வைக்கிறார்?

எனவே இடத்தை ஒளித்துவைத்ததுதான் இங்கே முதல் தவறு, சீசாவை எடுத்தது அதற்குப் பிறகு வருவது. இடத்தைச் சொல்லிவிட்டு முங்குபவருக்குக் கூட ஒருவர் இருப்பார். கையில் ஒரு பிளாஸ்டிக் பலகையும் பென்சிலும் இருக்கும். போர்க்கப்பலாக இருந்தால் அது கல்லறை என்று விட்டுவிலகுவார். சீசாவுக்குள் சின்ன மீன் குடியிருந்தால் குலுக்கிக் கொட்டாமல் கிடந்தபடியே வைப்பார்.

ஏறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும், உடம்பில் கரைந்த வாயு மெல்ல வெளியேறட்டும் என்று. கூப்பர் ஆற்றில் அந்த ஆழத்துக்கு வரும்போது கருந்தேநீர் வெளிறிக் கொஞ்சம் பொன்னிறமாகியிருக்கும். எழுத்துத் தெரியும். நங்கூரக் கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி, எந்த வளைவு, கரையிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை அடி ஆழம், பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்று எழுத அந்த மூன்று நிமிடம் தாராளம்.