செகாவ் நிரப்பிய அட்டைகள்

எழுத வரும் இளைஞர்கள் பெரிய எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாற்றை ஆசையோடு படிக்கிறார்கள். அதில் வறுமை, நோய், தனிமை ஆகியவைதான் அவர்கள் மனத்தில் தங்குகின்றன. ரஷ்ய எழுத்தாளர் அன்டன் செகாவ் வாழ்க்கையில் இவற்றுக்குக் குறைவில்லை. 1876இல் அப்பாவின் மளிகைக் கடை நொடித்தது. கடன்காரர்களுக்குப் பயந்து அவர் மாஸ்கோவுக்கு ஓடினார். பதினாறு வயதுப் பையன் தகன்ரோக் ஊரிலேயே தங்கி, டியூஷன் சொல்லிக்கொடுத்துத் தன் படிப்பை முடித்தான். கடைசியில் 44 வயதில் காசநோய் அவரைக் கொண்டுபோனது. இதெல்லாம் அவருக்கு நேர்ந்தது. அவராக விரும்பிப் போய்ச் செய்த காரியங்களைத்தான் எழுத வருகிறவர்கள் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

முக்கியமாக, 1890இல் அவர் சகாலின் தீவுக்குப் போனதை. அப்போது அவருக்கு 30 வயது. புஷ்கின் பரிசு வாங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கதைக்காகப் பத்திரிகைகள் காத்திருந்த காலம். அந்த நேரத்தில், ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் கைதிகளைக் கொண்டுபோய் இறக்கும் தீவுக்குக் கிளம்பினார். சைபீரியாவின் குறுக்கே அன்று ரயில் கிடையாது. ஆயிரக்கணக்கான மைல் தூரம் சேற்றிலும் வெள்ளத்திலும் குதிரை வண்டியில் போக வேண்டும். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே அவர் இருமலில் ரத்தம் கண்டிருந்தது. மருத்துவம் படித்தவருக்கு அதன் பொருள் தெரியாமல் இருக்காது. ஏப்ரலில் புறப்பட்டவர் ஜூலையில் தீவில் இறங்கினார்.

கதைக்கு விஷயம் தேடிப் போனார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மருத்துவத்துக்குத் தாம் பட்டிருக்கும் கடனைக் கொஞ்சமாவது தீர்க்க வேண்டும் என்றுதான் அவர் நண்பர் சுவோரினுக்கு எழுதினார். அங்கே அவர் செய்த வேலை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதற்கான அட்டைகளைத் தீவின் காவல் துறை அச்சகத்திலேயே அடித்து வாங்கினார். எந்தக் குடியிருப்பு, வீட்டு எண் என்ன, கைதியா அல்லது தண்டனை முடிந்து குடியேறியவரா, பெயர், வயது, மதம், பிறந்த ஊர், தீவுக்கு வந்த ஆண்டு, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா, மணமானவரா, என்ன நோய். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து குடிசை குடிசையாகப் போய்க் கேட்டு எழுதினார். மூன்று மாதத்தில் ஏறக்குறைய 10,000 பேர்.

இந்தக் கேள்விகளை நான் பலமுறை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். 'என்ன குற்றம் செய்தாய்?' என்ற கேள்வி அதில் இல்லை. கொலைகாரர்கள் நிறைந்த தீவுக்குப் போகும் எந்தக் கதாசிரியரும் முதலில் கேட்கத் துடிப்பது அதைத்தானே? எதிரில் நிற்பவனின் வயதையும் ஊரையும் நோயையும் கேட்டு, அவன் சொல்வதைக் குறித்துக்கொள்வதற்கு ஒரு பொறுமை வேண்டும். தன் வயதே சரியாகத் தெரியாதவர்கள் அங்கே பலர். அவர்களிடமும் நின்று கேட்டார். கதை எழுதுவதற்கு இதைவிடக் கடினமான, இதைவிட நேர்மையான பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

தீவில் ஒரு கைதிக்கு 90 சவுக்கடி கொடுப்பதை அவர் பார்த்தார். அடிக்கு முன்னால் ஒரு மருத்துவர் கைதியின் இதயத்தைச் சோதிக்கிறார். எத்தனை அடி தாங்குவான் என்று சொல்வது அவர் வேலை. பிறகு பெஞ்சில் கட்டுகிறார்கள். அடிப்பவன் ஐந்து அடிக்கு ஒருமுறை நிதானமாக மறுபக்கம் போய் நிற்கிறான். அரை நிமிஷம் இடைவெளி. ஒருவர் எண்ணிக்கொண்டே இருக்கிறார். செகாவ் தாங்காமல் தெருவுக்கு வந்துவிடுகிறார், அலறல் அங்கேயும் கேட்கிறது. மூன்று நான்கு இரவுகள் அது கனவில் வந்ததாகப் பின்னால் கடிதத்தில் சொன்னார். அந்தப் பயணத்தைப் பற்றி எழுதிய புத்தகத்திலோ தம் வேதனையைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஐந்து அடி, அரை நிமிஷம், மறுபக்கம் என்றுதான் எழுதுகிறார். சோகத்தை எழுதும்போது எழுதுகிறவர் உணர்ச்சியை அடக்கிக்கொள்ள வேண்டும் என்று லிதியா அவிலோவா என்ற எழுத்தாளருக்கு 1892இல் அவர் ஆலோசனை சொன்னார். இன்று பயிற்சி வகுப்புகளில் இதை ஓர் உத்தியாகக் கற்பிக்கிறார்கள். அந்தத் தெருவில் நின்றவர் சொன்னது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அதன் கனம் புரியும்.

திரும்பும்போது கப்பல் கொழும்புக்கு வந்தது. செகாவ் ரயிலேறிக் கண்டிக்கும் போனார், இலங்கையைச் சொர்க்கம் என்று புகழ்ந்தார். ஆனால் அங்கே அவர் எழுதத் தொடங்கிய கதை, வழியில் கப்பலிலேயே இறந்து, பாய்த்துணியில் சுற்றிக் கடலில் இறக்கப்பட்டவர்களை நினைத்து எழுந்தது. 'கூசெவ்' என்ற அந்தக் கதையையும் பின்னால் வந்த ஓரிரு கதைகளையும் விட்டால், அத்தனை பெரிய பயணத்திலிருந்து நேரடியாக வந்த புனைவு மிகக் குறைவு. அவர் வருடக்கணக்கில் உழைத்து எழுதியது 1895இல் நூலாக வந்த 'சகாலின் தீவு'. அதில் அடிக்குறிப்புகளும் புள்ளிவிவரங்களும் நிறைந்திருக்கின்றன. பத்து நாள் ஊர் சுற்றிவிட்டு நாவலோடு திரும்ப நினைக்கும் இளைஞர்களுக்கு இந்தக் கணக்கு வலிக்கலாம். வலித்தாலும் தெரிந்துகொள்வது நல்லது.

1892இல் மெலிகோவோ கிராமத்தில் குடியேறினார். அந்தக் கோடையில் காலரா பரவும் என்ற அச்சம். 25 கிராமங்கள், நான்கு தொழிற்சாலைகள், ஒரு மடாலயம் என அத்தனைக்கும் மருத்துவராகப் பொறுப்பேற்றார், சம்பளம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். அந்த மாதங்களில் எழுத்து வேலை நின்றது. அதை யாரிடமும் தியாகமாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் 'ஆறாவது வார்டு' என்ற அவர் கதை வெளிவந்தது. அதில் வரும் டாக்டர் ராகின் நல்லவர், சம்பளத்தில் பாதியைப் புத்தகத்துக்கே செலவழிப்பவர். தம் மருத்துவமனையின் அழுக்கும் திருட்டும் அவருக்குத் தெரியும். மனநோயாளிகளைக் காவலாளி அடிப்பதும் தெரியும். ஆனாலும் ஒன்றும் செய்யாமல் வீட்டுக்குப் போய்ப் படிக்கிறார். கடைசியில் அவரையே அந்த வார்டில் அடைக்கிறார்கள், அதே காவலாளியிடம் அவரும் அடி வாங்குகிறார். இந்த ராகினை எழுதியவர், எத்தனை அடி தாங்கும் என்று ஒரு கைதியின் இதயத்தைச் சோதித்துச் சொன்ன மருத்துவரைச் சகாலினில் நேரில் பார்த்தவர்.