ஆசனமும் உடைமையும்

புகையிரதத்தில் முற்பதிவு செய்யப்பட்ட ஓர் ஆசனம், அதற்குப் பணங்கொடுத்தவனுக்கு எவ்வகையில் உரியது என்னும் வினா, பார்வைக்கு அற்பமானதாயினும், உடைமையைப் பற்றி நம் சமயங்கள் நெடுங்காலமாக விசாரித்து வந்த பலவற்றையும் தன்னுள் அடக்கியது. வன்னி நிலத்தவர்க்கோ அது வெறும் தர்க்கமன்று. கொழும்பையும் வடபகுதியையும் இணைத்து 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதம் போரினால் 1990இல் நின்றுபோக, தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட்ட வடக்கு மார்க்கம், கிளிநொச்சிவரை 2013 செப்டெம்பரிலும் யாழ்ப்பாணம்வரை 2014 ஒக்டோபரிலுமே உயிர்பெற்றது. இடையில் ஒரு தலைமுறை கோச்சியைக் கதையாகக் கேட்டே வளர்ந்தது. வவுனியாவோடு பாதை முடிந்த அந்நாட்களில், தெற்கே செல்லப் பிரயாணச் சீட்டினும் ‘பாஸ்’ என்ற அனுமதிப் பத்திரமே பெறுதற்கரிதாயிருந்தது. முல்லைத்தீவு நகரில் இன்றும் தண்டவாளம் இல்லை. அங்குள்ளோர் பஸ்ஸேறி மாங்குளத்துக்கோ பரந்தனுக்கோ வந்தே புகையிரதத்தைப் பிடிக்கின்றனர்.

இவ்வளவு இழந்து மீட்ட பாதையில் ஆசனத்துக்கு முட்டுப்பாடு வரும்போது, நோவு இருமடங்காகிறது. பதிவு பல நாட்களுக்கு முன்னரே திறக்கிறது. பொங்கல், நல்லூர்த் திருவிழா போன்ற காலங்களில் விரைவிலேயே தீர்ந்தும்விடுகிறது. தெற்கே மகரகம மருத்துவமனையில் புற்றுநோய்க்குக் கிளினிக் நாள் குறிக்கப்பட்டவருக்கு அந்த வேகம் ஏது? மலைநாட்டு எல்ல மார்க்கத்தின் ஆசனங்களை மொத்தமாகப் பதிந்து பன்மடங்கு விலைக்கு விற்றோர்மீது விசாரணைகளும் கைதுகளும் நடந்ததை நாடறியும்.

அத்தகைய தரகன், தான் கட்டணம் செலுத்தியே வாங்கியதாகக் கூறுவான், அது மெய்யே. ஆயினும் அவன் வாங்கியது பலகையையும் மெத்தையையும் அன்று, பிறருடைய முறையை. பௌத்தரின் பஞ்சசீலத்துள் இரண்டாவது, தரப்படாததை எடுத்தலை விலக்குகிறது. பொதுநன்மைக்கென அமைந்த வரிசை, அதில் நிற்கும் தேவையுடையார்க்கே தரப்படுவது ஆதலின், பிரயாணஞ்செய்யும் எண்ணமே இல்லாதவன் அதைக் கைப்பற்றுவது, விலை கொடுத்தபோதிலும், களவென்றே நான் கொள்வேன்.

சென்ற ஆண்டு யாழ்தேவி மாங்குளத்தில் நின்றபோது, மருந்துப் பையும் சீட்டும் கையிலேந்தி ஏறிய ஒரு முதியவர், தமது ஆசனத்தில் ஓர் இளந்தாய், மடியில் உறங்கும் குழந்தையோடு அமர்ந்திருக்கக் கண்டார். அவள் பதறி எழ முயல, “எழும்பாதை பிள்ளை, குழந்தை முழிச்சிடும்” என்று சொல்லி, மேற்கம்பியைப் பற்றியபடி வவுனியாவரை நின்றே வந்தார். அருகிலிருந்தோர் அவரைப் புண்ணியவானென்று புகழ்ந்தனர். புகழ்ச்சி பொருத்தமே, எனினும் அச்செயலைக் காட்டி, “இப்படி எல்லோரும் விட்டுக்கொடுத்தாற் போதுமே” என ஒருவர் கூறியது என் மனத்துக்கு ஒவ்வவில்லை. விட்டுக்கொடுத்தவர் நோயாளி, விட்டுக்கொடுக்க வேண்டியிராத தரகன் ஒருவனோ எங்கோ இலாபத்தை எண்ணிக்கொண்டிருந்திருக்கலாம். உரிமை உறுதியாயிருக்கும் இடத்திலேதான் தானம் தானமாகும். நோயாளியின் இரக்கத்தைக் கொண்டு நிர்வாகத்தின் குறையை மூடுவது தர்மமன்று.

யான், எனது என்னும் பற்றுக்களின் வேராக ஆணவ மலத்தைச் சைவ சித்தாந்தம் காட்டுவதை எடுத்துரைத்து, அங்ஙனமாயின் சீட்டுரிமையும் மாயைதானே என வாதிப்போர் உளர். ஆனால் பற்றறுக்கும் உபதேசம் தன்னை நோக்கிச் சொல்லப்படுவது. பிறனிடம் உள்ளதைப் பறித்தற்குக் கருவியன்று. பற்றின்றியும் பொறுப்பு வகிக்கலாம் என்பதற்கு யாழ்ப்பாணத்துச் சைவஞானி யோகர் சுவாமிகளைக் காட்டலாம்; அவர் இளமையில் கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்தின் பண்டகசாலைப் பொறுப்பாளராயிருந்தவர். பண்டகசாலைக்காரன் கைப்பட்ட பொருளெல்லாம் அவன் காவலில் உள்ளன, ஒன்றும் அவனுடையதன்று. காலமும் கணக்கும் தவறாமல் உரியவரிடம் சேர்ப்பதே அவன் கடன். ஆசனத்தைப் பதிபவனும், பதிவை நடத்தும் அலுவலகமும் அந்நிலையினரே. வராத பிரயாணி காலத்தோடு பதிவை நீக்கினாற் பிறிதொருவர் அமர்வர். கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் ஏறும் நோயாளிக்கெனச் சில ஆசனங்களை முதல்நாள் மாலைவரை நிறுத்திவைத்து, கிளினிக் அட்டையைக் காட்டுவோர்க்கு வழங்கும் முறையும் இருந்திருந்தால், தாய்க்கு வேறோர் இடம் கிடைத்திருக்கும், அந்த முதியவரும் மாங்குளத்திலிருந்து தம் ஆசனத்தில் அமர்ந்தே சென்றிருப்பார்.