தோற்ற பிள்ளையின் குன்று

கல்வியில் சிறந்தவன் ஒழுக்கத்திலும் சிறந்தே இருப்பான் என்ற நம்பிக்கை, நம் குடும்பங்களில் ஏறக்குறைய ஒரு மதமாகவே வேரூன்றியிருக்கிறது. முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை இரவில் எங்கே போய் வந்தான் என்று எந்தத் தகப்பனும் விசாரிப்பதில்லை. மதிப்பெண் பட்டியலே அவனுக்கு நற்சாட்சிப் பத்திரமாகிவிடுகிறது.

2002-ஆம் ஆண்டு சன்டான்ஸ் விழாவில் திரையிடப்பட்ட, ஜஸ்டின் லின் இயக்கிய 'பெட்டர் லக் டுமாரோ' என்னும் அமெரிக்கப் படம் இந்த நம்பிக்கையைத்தான் பரீட்சித்துப் பார்க்கிறது. தென் கலிபோர்னியாவில் வாழும் ஆசிய வமிசத்து மாணவர்கள் சிலர், வகுப்பில் முதன்மையானவர்கள், பொதுத்தொண்டையும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சேர்க்கத்தக்க ஒரு வரியென்றே கருதிச் செய்பவர்கள், பரீட்சை விடைகளை விற்பதில் தொடங்கிக் களவு, போதைப்பொருள் என்று இறங்கி, இறுதியில் ஒரு கொலையில் வந்து நிற்கிறார்கள். 1992-இல் ஆரஞ்சு கவுண்டியில் மெய்யாகவே நிகழ்ந்த ஒரு மாணவன் கொலையின் சாயல் அக்கதையில் உண்டு. பெற்றோரோ அப்படத்தில் கண்ணில் படுவதே அபூர்வம்.

அது அந்நிய தேசத்து வியாதி என்று நாம் ஆறுதல் கொள்வதற்கில்லை. திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு வழியே மேற்கு நோக்கிப் போனால் வரும் தேனியில், அரசு மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர், தமக்குப் பதிலாக வேறொருவரை நீட் தேர்வு எழுத வைத்து இடம் பெற்றார் என்ற குற்றச்சாட்டு 2019 செப்டம்பரில் எழுந்தது. மருத்துவரான அவருடைய தந்தையும் அவருடன் கைதானார். விசாரணை விரிய விரிய, வேறு கல்லூரிகளின் மாணவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் சிக்கினார்கள். அங்கே பெற்றோர் இல்லாமையால் பிள்ளைகள் வழுவினார்கள். இங்கேயோ பெற்றோரே வழிகாட்டிகளாக முன் நடந்தார்கள்.

அவர்கள் திறமை உடையவர்கள், இவர்கள் திறமையை விலைக்கு வாங்க முயன்றவர்கள் என்ற பேதம் மெய்யே. எனினும் இரண்டின் மூலமும் ஒன்றுதான். கருமத்தைச் செய், பலனில் பற்று வைக்காதே என்று கீதை உபதேசித்தது. இவர்கள் பலனைப் பற்றிக்கொண்டு கருமத்தைத் துறந்தார்கள். கர்மயோகம் தலைகீழாக நிற்கும் இந்த விபரீதத்தைப் பாரதமே முன்னறிந்து காட்டியிருக்கிறது. துரோணர், மனம் ஒப்பாமலே, பிள்ளைப் பாசத்தால் அசுவத்தாமனுக்குப் பிரம்மாஸ்திரத்தை உபதேசித்தார். பாண்டவரின் புதல்வர்களை உறக்கத்திலே கொன்ற அவன், பின்னர் அந்த அஸ்திரத்தையும் ஏவினான்; எதிர் அஸ்திரம் விடுத்த அர்ச்சுனனால் தன்னுடையதைத் திரும்ப அழைத்துக்கொள்ள முடிந்தது, அசுவத்தாமனால் முடியவில்லை. ஏவுவதற்கு வித்தை போதும். மீட்பதற்குப் புலனடக்கம் வேண்டும். முன்னதைத் தகப்பன் கொடுத்துவிடலாம், பின்னதை அவரவரே ஈட்டியாக வேண்டும்.

திண்டுக்கல் சமவெளியின் மேற்கே பழனிக் குன்றில் நிற்கும் தெய்வத்தின் வரலாற்றை இந்த நோக்கில் எண்ணிப் பார்ப்பது நலம். உலகை முதலில் வலம் வருபவனுக்கே ஞானக்கனி என்று ஏற்பட்ட போட்டியில், மயிலேறி மெய்யாகவே உலகைச் சுற்றி வந்தவன் முருகன். கனியோ தாய்தந்தையரை வலம் வந்த அண்ணனுக்குப் போயிற்று. உழைத்தும் தோற்ற அந்தப் பிள்ளை, கனியைக் களவாடவும் இல்லை, அண்ணன்மேல் வேலெடுக்கவும் இல்லை. அனைத்தையும் களைந்து ஆண்டியாய் வந்து நின்றான். தாய்தந்தையரோ வென்ற பிள்ளையோடு கயிலையில் இருந்துவிடாமல், தோற்றவனைத் தேடி வந்து, நீயே எமக்குக் கனி என்று தேற்றினார்கள்.

பரீட்சைக் காலத்தில் நம்மவர் அந்தப் படிகளை ஏறி, போட்டியில் கனி பெறாத தெய்வத்தினிடம் பிள்ளைக்கு வெற்றியை வேண்டுகிறார்கள். வேண்டுதலில் பிழையில்லை. ஆனால், தோற்றாலும் நீ எங்கள் பிள்ளையே என்ற சொல்லை வீட்டிலேயே சொல்லிவிட்டு ஏறுவதுதான் தர்மம். அச்சொல்லைக் கேளாத பிள்ளைக்குத் தோல்வியைவிடக் குற்றமே எளிதாகத் தோன்றிவிடும்.