பகுத்தறிதலும் பாகுபாடும்: குழவியின் உலகம் குறித்து ஒரு நோக்கு

மனிதனை ஏனைய உயிர்களினின்றும் வேறுபடுத்துவது பகுத்தறிவு என்பர். பகுத்தலின்றி அறிதல் இல்லை என்பதை அச்சொல்லே உணர்த்துகின்றது. இது மரம், இது மாடு, இவள் தாய், இவர் அயலார் என வகைப்படுத்தியே மனம் உலகைக் கைக்கொள்கின்றது. ஆயின், அவ்வகைகள் எங்கிருந்து வந்தன? பொருள்களிலேயே அவை உள்ளனவா, அன்றி மனத்தின் ஆக்கமா?

மெய்யியலார் இவ்வினாவை நெடுங்காலமாக வாதித்து வந்துள்ளனர். 1690இல் வெளியான தம் நூலிலே ஜோன் லொக், மனத்தை எழுதப்படாத வெள்ளைத்தாளுக்கு ஒப்பிட்டார். அனுபவமே அதில் எழுதுகின்றது என்பது அவர் கொள்கை. இதற்கு மாறாக இமானுவேல் கான்ற் 1781இல், அனுபவம் சாத்தியமாவதற்கே காரணகாரியம் போன்ற சில வடிவங்கள் மனத்தில் முன்னரே அமைந்திருத்தல் வேண்டும் என்றார். இருவரும் குழந்தைகளைச் சோதித்து இம்முடிவுகளுக்கு வந்தவரல்லர். பேசாத குழவியிடம் வினவும் வழியை இருபதாம் நூற்றாண்டின் உளவியலே கண்டறிந்தது. ஒரேவகைப் பொருளைத் திரும்பத் திரும்பக் காணும் குழவி சலித்துப் பார்வையை விலக்கும். புதியதாகத் தோன்றுவதை நெடிது நோக்கும். அந்நோக்கின் கால அளவே அதன் விடையாகும்.

குவின், ஐமாஸ், ரோசன்கிரான்ற்ஸ் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்விலே, மூன்று நான்கு மாதக் குழவிகளுக்குப் பல பூனைகளின் படங்கள் காட்டப்பட்டன. பின்னர் புதிய பூனையொன்றும் நாயொன்றும் அருகருகே காட்டப்பட்டபோது, அவை நாயையே நெடிது நோக்கின. பூனை என்னும் சொல்லை அறியாத குழவி, பூனை என்னும் வகையை அறிந்திருந்தது. எனினும், முதலில் நாய்களைக் கண்ட குழவிகள் பூனையை அவ்வாறு பிரித்தறியவில்லை. நாய்கள் தோற்றத்திற் பெரிதும் வேறுபடுவன. ஆதலின் அவற்றைக் கொண்டு ஆக்கிய வகையினுள் பூனையும் அடங்கிற்று என ஆய்வாளர் விளக்குவர். எல்லை எங்கே விழுந்தது என்பதைக் குழவிக்குக் காட்டப்பட்டவையே தீர்மானித்தன.

மொழியொலியிலும் இதுவே உண்மை. ஆங்கிலச் சூழலில் வளரும் குழவிகள் ஆறு முதல் எட்டு மாதங்களில், இந்தி மொழியின் தகர டகர ஒலிகளை வேறுபிரித்தறிந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் அத்திறனைப் பெரிதும் இழந்தன. இதனை 1984இல் வேர்க்கர், டீஸ் என்போர் வெளிப்படுத்தினர். ‘பத்து’, ‘பட்டு’ என்பவற்றை எளிதிற் பிரித்துணரும் தமிழ்ச்செவிக்கு இவ்விழப்பு வியப்பளிக்கலாம். பகுக்கும் ஆற்றல் பிறப்போடு வருவது. எவ்வெல்லைகள் நிலைக்கும் என்பதைச் சூழல் வகுக்கின்றது. லொக்கும் கான்றும் ஆளுக்கொரு பாதி உண்மையைக் கண்டனர் எனலாம்.

இங்கே அறவியல் சார்ந்த ஐயமொன்று எழுகின்றது. வகைப்படுத்தல் இயல்பாயின், மனிதரை இனம்பிரித்து ஒதுக்குதலும் இயல்பே எனச் சிலர் வாதிடக்கூடும். வெள்ளையினக் குழவிகளைக் கெலி முதலியோர் ஆராய்ந்து 2005இல் வெளியிட்ட முடிவு இவ்வாதத்தைத் தளர்த்துகின்றது. பிறந்து சிலநாளேயான குழவிகள் எவ்வினத்து முகத்தையும் தனித்து விரும்பி நோக்கவில்லை. மூன்று மாதத்தினவே தம்மினத்து முகத்தைக் கூடுதலாக நோக்கின. 2006இல் பார்-ஹைம் முதலியோர் வெளியிட்ட ஆய்வின்படி, இஸ்ரேலிலே இருவகை மக்களையும் கண்டு வளர்ந்த எதியோப்பியக் குழவிகளிடம் அச்சாய்வு காணப்படவில்லை. மேலும், நெடிது நோக்குதல் வேறு, வெறுத்தல் வேறு. குழவியின் கண் பழகியதன்பாற் செல்கின்றது. அதற்கு உயர்வு தாழ்வு கற்பிப்போர் பெரியோரே.

தமிழிலே ‘இனம்’ என்னும் சொல் பொருள்வகையையும் குறிக்கும்; மக்கட் கூட்டத்தையும் குறிக்கும். ‘சாதி’யும் அத்தகையதே. பூனையும் நாயும் வேறாதல் போலவே மனிதரும் வேறாவர் என்னும் மயக்கத்திற்கு இச்சொற்கள் இடமளிக்கின்றன. ஆயின், மனிதரிடையே இட்ட கோடுகள் பலவற்றிற்கு ஆண்டும் ஆக்கியோரும் உண்டு. இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிவு குடிசன மதிப்பீட்டிலே தனித்தனியாக இடம்பெற்றது 1911இலேயே ஆகும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவருட் பிந்தியோரிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. எண்ணுவதற்கு வகுத்த பிரிவு, ஒதுக்கப்பட்டோரின் பெயராயிற்று.

வகுத்த எல்லையைத் தளர்த்தலும் மனிதர்க்கு இயலும். உயர்திணை, அஃறிணை என உலகை இரண்டாகப் பகுத்த தொல்காப்பியம், மகவு, குழவி என்னும் சொற்கள் பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் எனக் கிளவியாக்கத்தில் விதித்தது. இன்றும் குழந்தை ‘அழுதது’ என்றே கூறப்படுகின்றது. அதனால் அதன் மனிதத்தன்மையை எவரும் ஐயுறுவதில்லை. பகுத்தலைக் கைவிடுதல் அறிவைக் கைவிடுதலாகும். பகுத்த எல்லையை மீள ஆராய்தலோ அறிவின் கடமையாகும். குழவிக்கு அவ்வாராய்ச்சி இயலாது. ஆதலின், அதன் கண்முன் எவ்வெம்முகங்களை நிறுத்துவது, அவற்றிற்கு எப்பெயரிட்டழைப்பது என்பன வளர்ப்போரின் பொறுப்பாகின்றன.