கொடுக்கும் கையும் பேசும் வாயும்

நுகர்ச்சி வெறியைக் கண்டித்து, இயற்கை வளத்தைப் பேணி வாழும் நெறியை ஆராயும் நாடகங்களுக்குச் சிறு மானியம் வழங்கும் வழக்கம் இன்று பல நாடுகளிலும் உண்டு. இத்துணைச் சிறு தொகையால் என்ன பயன் என்று ஏளனஞ் செய்வோரும் உளர். பெருந்தொகை என்ன செய்கிறது என்பதை முதலில் நோக்குவோம்.

பிரித்தானியாவின் றோயல் சேக்ஸ்பியர் நாடகக் கம்பனி, 16 முதல் 25 வயது வரையான இளைஞருக்கு 5 பவுணுக்கு நுழைவுச்சீட்டு வழங்கியது. அதற்குப் பணம் தந்தது பி.பி. என்னும் எண்ணெய்க் கம்பனி. வசதியற்ற மாணவனும் நாடகம் பார்க்க முடிந்தது. அதனை அற்பமென்று நாம் தள்ளிவிட முடியாது. ஆனால், புவியை வெப்பமுறச் செய்யும் எண்ணெயை விற்போர் அந்த மலிவுச் சீட்டைக் கொண்டு நற்பெயரையும் வாங்கிக்கொண்டனர். 2019 ஜூனில் நடிகர் மார்க் றைலன்ஸ் இதனை எதிர்த்துக் கம்பனியிலிருந்து விலகினார். பின்னர் மாணவர்கள், நாடகங்களைப் புறக்கணிப்போம் என எழுதினர். ஒக்ரோபரில், ஆண்டிறுதியோடு அவ்வுறவை முடித்துக்கொள்வதாகக் கம்பனி அறிவித்தது. சலுகை யாருக்கென வந்ததோ, அவ்விளந்தலைமுறையே அதனை வேண்டாமென்றது!

“அரசு கொடுக்கட்டுமே” என்பர் நண்பர். அதுவும் முழு விடையாகாது. 1935இல் அமெரிக்க அரசு, வேலையிழந்த கலைஞருக்காகக் கூட்டாட்சி நாடகத் திட்டத்தைத் தொடங்கியது. 1937இல் அது மேடையேற்றிய ‘பவர்’ என்னும் நாடகம், மின்சாரம் யாருடைய உடைமை என்ற வினாவைச் சாதாரண நுகர்வோன் ஒருவனின் நிலையில் நின்று எழுப்பியது. இத்திட்டத்தில் பொதுவுடைமை வாடை வீசுகிறதெனச் சிலர் கூச்சலிட்டனர். 1939 ஜூன் 30ஆம் திகதியோடு கொங்கிரஸ் நிதியை நிறுத்திவிட்டது. பல்லாயிரம் கலைஞரின் பிழைப்பு ஒருங்கே சரிந்தது.

ஆதலின், கொடுப்பவர் யார் என்று மட்டும் கேட்டால் போதாது. அவர் கையை விலக்கிய மறுநாளும் நாடகம் நடக்குமா என்றும் கேட்டல் வேண்டும். சிறு மானியத்தின் சிறப்பு இங்கேதான் உளது. அதனைத் திருப்பிக் கொடுத்த பின்னரும் ஒரு நாடக மன்றம் உயிர்வாழ முடியும். மறுக்கத் துணிந்த வாயே உண்மையைப் பேசும்.

அவ்வாறாயின் கலைஞனை அரைவயிற்றோடு ஆடச் சொல்வதா? அல்லவே அல்ல. சுருங்க வேண்டியது பண்டம், கூலி சுருங்கலாகாது. சில நாட்கள் ஆடிய நாடகத்தின் காட்சியமைப்பை உடைத்துக் குப்பையிலே எறிந்துவிட்டு, மேடையில் சிக்கனம் போதிப்பது போலித்தனம். 2021இல் பிரித்தானிய அரங்கினர் வெளியிட்ட ‘தியேட்டர் கிறீன் புக்’ என்னும் கைநூல், நாடகத் தயாரிப்புக்கான பொருள்களிற் பாதியேனும் முன்னர் பயன்பட்டவையாக இருத்தலை அடிப்படை அளவாக வைத்தது. பழைய பலகையைச் செப்பனிடத் தச்சன் வேண்டும். பழைய துணியைத் திருத்தத் தையற்காரி வேண்டும். கடைக்காரனுக்குப் போகும் பணம் இவ்வுழைப்பாளருக்குப் போகட்டும்.

மானியம் போக எஞ்சிய செலவை யார் தருவது? பார்வையாளராகிய நாமே. ஆசிரியரும் மாணவரும் வாசலிலே கொடுக்கும் சில்லறையைத் தருமம் என்று எண்ணலாகாது. நமக்காகப் பேசும் குரல் விலைபோகாதிருக்க வேண்டுமாயின், அதற்கான செலவில் நமது பங்கை நாம் செலுத்தியே ஆகவேண்டும்.