பன்னிரண்டாவது சூத்திரம் எதற்கு?

சைவ சித்தாந்தத்துக்கு அடிப்படையான மெய்கண்டாரின் சிவஞானபோதம் சின்னஞ்சிறு நூல். 12 சூத்திரங்கள், மொத்தம் 40 வரிகள். பத்தாவதில் பாசம் நீங்குகிறது. பதினொன்றாவதில் உயிர் இறைவன் திருவடியைச் சேர்கிறது. அதோடு மெய்கண்டார் ஏட்டைக் கட்டி வைத்திருக்கலாம். கட்டவில்லை. பன்னிரண்டாவதாக ஒன்று வைத்து, சேர்ந்தவன் உயிரை மறைக்கும் மலத்தைக் கழுவ வேண்டும், அடியார்களோடு கூடியிருக்க வேண்டும், திருவேடத்தையும் கோயிலையும் சிவமாகவே பார்த்துத் தொழ வேண்டும் என்கிறார். வீடு போய்ச் சேர்ந்தவனுக்கு இன்னும் என்ன வேலை பாக்கி? கழுவ என்ன மிச்சம்?

ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்பில் நான் கேட்ட கேள்வி இது. ஊர்க்காரன் என்ற உரிமையில் கேட்டேன் என்றும் சொல்லலாம். மெய்கண்டார் பிறந்த பெண்ணாடம், அவர் மாணவர் அருணந்தியாரின் திருத்துறையூர், அதே மரபில் பின்னால் வந்த உமாபதி சிவம் இருந்த சிதம்பரம் கொற்றவன்குடி, எல்லாம் எங்கள் கடலூர் மாவட்டம்தான். பாடம் நடத்தும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், "அது கடமை இல்லீங்க, அன்பு. சேர்ந்தவன் தொழாம இருக்க மாட்டான்" என்றார். அழகான பதில். ஆனால் கழுவ வேண்டும் என்ற சொல் அங்கே நிற்கிறதே. அன்பு மட்டும்தான் என்றால் கழுவுவானேன்?

எனக்குக் குடிகாட்டில் லேத் பட்டறை. கடலூர்–சிதம்பரம் சாலையில் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகளும் வேன்களும் கார்களும் நின்று நின்று நகர்வதால் எனக்குப் பிழைப்பு ஓடுகிறது. பாதி கிளட்சில் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிற ஓட்டுநர்தான் என் நிரந்தர வாடிக்கையாளர். கிளட்ச் முழுதாகப் பிடித்தால் சூடில்லை. முழுதாக விட்டாலும் சூடில்லை. பிடிக்காமலும் விடாமலும் உரசிக்கொண்டே இருக்கிற அந்த நடு நிலையில்தான் ஃப்ளைவீல் வேகிறது. பற்றைப் பற்றி வகுப்பில் கேட்டதையெல்லாம் நான் இதை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன்.

தேய்ந்த ஃப்ளைவீலைக் கழற்றிக் கொண்டுவந்தால் முகத்தில் மூன்று வகைக் காயம் இருக்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்து ரிவெட் தொட்டிருந்தால் வட்ட வட்டமாகப் பள்ளம். சூட்டில் வந்த மயிரிழை வெடிப்பு. அப்புறம் நீலப் புள்ளிகள். வெடிப்பு ஆழமாக இருந்தால் கை வைக்க மாட்டேன். சுற்றும்போது சிதறினால் ஆள் பிழைக்க மாட்டான். மற்றதைச் சாணைக்கல்லில் ஏற்றலாம். முகத்தில் எது மிக ஆழமான பள்ளமோ, அந்த மட்டத்துக்கு நல்ல இடம் முழுவதையும் இறக்க வேண்டும். பள்ளத்தை நிரப்ப முடியாது. பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள் முடிந்துவிடும். பிரஷர் பிளேட்டை முடுக்கும் இடம் தனிப் படியாக இருக்கிற ஃப்ளைவீலில், முகம் எவ்வளவு இறங்குகிறதோ படியும் அவ்வளவே இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் மாறி, முகம் கண்ணாடியாக இருந்தும் கிளட்ச் வழுக்கும்.

நீலம்தான் ஏமாற்றுவது. வெறும் நீலம் மேல்தோல் நிறம். கல் தொட்டதும் போய்விடும். சில புள்ளிகளுக்கு அடியில் வேறு சங்கதி இருக்கிறது. ஃப்ளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதில் நூற்றுக்கு மூன்று பங்கு வாக்கில் கரி உண்டு. மெல்லிய தகடு தகடாக இரும்புக்குள் படிந்திருக்கும். உரசல் சூடு ஓரிடத்தில் 700 டிகிரியைத் தாண்டினால் அந்தக் கரி இரும்பில் கரைகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்ள, அந்தப் புள்ளி எஃகைப் போல் இறுகி, கொஞ்சம் புடைத்தும் நிற்கிறது. லேத்தில் கட்டி முகம் எடுத்தால் டூல் அதன்மேல் ஏறி இறங்கிப் போகும். அதற்காகத்தான் கல். கல் எல்லாவற்றையும் சமமாக்கிவிடும். டயல் கேஜ் முள்ளும் ஆடாது. ஆனால் இறுகியது அடியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மறுபடி சூடு ஏறினால் அதே இடம் மறுபடி தலை தூக்கும்.

"அண்ணே, இன்னும் ரெண்டு சுத்து விட்டு அதையும் சுத்தமா எடுத்துடுங்க" என்பார்கள். வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு என்று நினைப்பு. அந்தக் கரி வார்த்த அன்றே உள்ளே இருந்தது. கரி இல்லாவிட்டால் அது வார்ப்பிரும்பே இல்லை. எங்களுக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் 1830களில் ஜோசியா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் ஆலை வைத்து இரும்பு உருக்கினார். உலைக்கு மரக்கரி போட்டார். எரிபொருள் என்று போட்ட கரியிலிருந்துதான் இரும்புக்குள்ளும் கரி ஏறும். உருக்கிய தீயும் உள்ளே இருக்கும் குறையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

சித்தாந்தம் மலத்தை இரண்டாகப் பிரிப்பது இங்கேதான் எனக்கு விளங்கியது. மாயையும் கன்மமும் பின்னால் வந்து சேர்ந்தவை, ஆகந்துக மலம். ஆணவம் அப்படி வந்ததல்ல. உயிர் என்றைக்கு உண்டோ அன்றைக்கே உடன் இருப்பது. சகச மலம் என்கிறார்கள். செம்பில் களிம்பு என்பது அவர்கள் காட்டும் உவமை. அது உயிரின் இயல்பும் இல்லை, உயிரை விட்டுத் தனியே இருந்ததும் இல்லை. அறியாமை பொய், ஞானம் வந்ததும் இல்லாமலே போகும் என்ற மாயாவாதத்தை உமாபதி சிவம் ஏற்கவில்லை. 1313இல் எழுதிய சங்கற்ப நிராகரணத்தில் முதலில் மறுப்பதே அதைத்தான். சித்தாந்தத்தின்படி ஆணவம் முத்தியிலும் அழிவதில்லை. அதன் சக்தி மட்டும் அடங்குகிறது. உடம்பு இருக்கும் வரை அதன் வாசனை எழும்பப் பார்க்கும்.

உமாபதியாரிடம் தீட்சை பெற்ற பெற்றான் சாம்பான் கதை சிதம்பரத்தில் எல்லோருக்கும் தெரியும். மடத்துக்கு விறகு சுமந்தவர். தீட்சை பெற்ற கணமே உடம்போடு சோதியில் கலந்தார் என்பார்கள். அவருக்குப் பன்னிரண்டாவது சூத்திரம் தேவைப்படவில்லை. அது, ஞானம் வந்த பிறகும் மறுநாள் காலையில் எழுந்து பல் துலக்கி வேலைக்குப் போகிறவனுக்கு எழுதியது. புள்ளி அடியில் இருக்கிறது, முகம் சமமாகிவிட்டது, வண்டி ஓடியாக வேண்டும். அவன் எப்படி ஓட்ட வேண்டும் என்பதுதான் அந்தச் சூத்திரம்.

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஃப்ளைவீலுக்குக் குறைந்தபட்ச கனம் உண்டு, தயாரித்தவரே சொல்லியிருப்பார். அதற்குக் கீழே போனால் எடைக்குப் போடத்தான் வேண்டும். உயிர் நித்தியம் என்கிறது சித்தாந்தம். எத்தனை பிறவியில் எத்தனை முறை கல்லில் ஏற்றினாலும் அது மெலிவதில்லை. இறைவன் அவசரப்படாததற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். எனக்கு அந்த வசதி கிடையாது. வேண்டாத இரும்பை எடுத்தால் அடுத்த முறைக்கு இருப்பதைத்தான் எடுக்கிறேன். அதனால், ஆழமில்லாத புள்ளி என்று மனசுக்குப் பட்டால் சமமாக்கியதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஆழம் என்று பட்டால் புதிது போடச் சொல்லிவிடுகிறேன்.

வண்டியைக் கொடுக்கும்போது ஒரு பேச்சு சொல்லி அனுப்புவேன்: கொஞ்ச நாளைக்கு இழுவை வேண்டாம், மேட்டில் பாதி கிளட்சில் நிற்க வேண்டாம், புது பிளேட்டும் இந்த முகமும் ஒன்றுக்கொன்று படியட்டும். "காசு குடுத்தாச்சு, இன்னும் என்னண்ணே கட்டுப்பாடு?" என்று கேட்காதவர் குறைவு. வகுப்பில் நான் கேட்டதும் இதே கேள்விதான் என்பது பிறகுதான் உறைத்தது.

கட்டுப்பாடு என்பதில் பாதிதான் உண்மை. படிவதும் உரசல்தான், தேய்மானம்தான். அளவான உரசலில் இரண்டு முகங்களின் மேடுகளும் மழுங்கி ஒன்றையொன்று முழுதாகப் பற்றுகின்றன. உரசவே கூடாது என்று ஷெட்டில் நிறுத்தி வைத்த வண்டியின் கிளட்ச் ஒருநாளும் படியாது. மெய்கண்டார் சேர்ந்தவனைக் காட்டுக்குப் போய்த் தனியே இரு என்று சொல்லவில்லை; அடியாரோடு கூடு என்றார். கூட்டத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அடியாரோடு கூடுவதும் ஓர் உரசல்தான். யார் முன்னால் நிற்பது, யார் பதிகம் தொடங்குவது, பிரசாதம் யார் கொடுப்பது என்று நான் என்று சொல்லும் புள்ளி அங்கேயும் சுடும். கூடி இருப்பதால்தான் அது எழும்போதே தெரிகிறது, எழும்போதே கழுவ முடிகிறது. ஆசிரியர் சொன்ன அன்பும் அந்தக் கூட்டத்தில்தான் பழகுகிறது. கழுவுவதும் தொழுவதும் ஒரே சூத்திரத்தில் அடுத்தடுத்து நிற்பதற்கு வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை.