கொடியின் கண்



போன கிழமை கல்முனைச் சந்தையில் பழக்கடைக் காக்கா ஒரு குலை முந்திரிகையைத் தூக்கிக் காட்டி, "பாதர், இது யாழ்ப்பாணத்துப் பழம், கொஞ்சம் புளிக்கும்" என்றார். புளிக்கத்தான் செய்தது. விற்கிறவர் வாயில் இப்படி உண்மை வருவது அபூர்வம். அதற்காகவே அரைக் கிலோ வாங்கினேன்.

வேதாகமத்தில் திராட்சை என்று வாசிக்கிறோமே, அதுதான் இந்த முந்திரிகை. வீரமுனையில் உங்களுக்கு நெல் தெரியும், கொடி தெரியாது. அது யாழ்ப்பாணத்தில் உரும்பிராய், நீர்வேலிப் பக்கத்துப் பயிர். அங்கே மேலே செம்மண், அடியில் சுண்ணாம்புக்கல். மாரி மழை பெய்தாலும் வேரில் தண்ணீர் நிற்காது. கோடையில் கிணற்றிலிருந்து இறைப்பார்கள். இஸ்ரேல் புளூ என்ற கருநீல இனம் பந்தலில் படர்ந்து தலைக்கு மேலே தொங்கும்.

பிரான்சின் போர்தோவில் குளிர் வந்து இலையை உதிர்த்துக் கொடியை உறங்கவைக்கும். பிறகு ஆண்டுக்கு ஒரு அறுவடை. நம் நாட்டுக் கொடிக்கு உறக்கமே கிடையாது. சும்மா விட்டால் இலையாய்த் தள்ளும், பழம் இராது. குளிர் செய்கிற வேலையை இங்கே கத்தரிக்கோல் செய்கிறது. கத்தரித்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். ஆண்டுக்கு இரண்டு தரமும் எடுக்கலாம். ஆனால் கத்தரித்த அன்று வெட்டுவாயில் சொட்டுச் சொட்டாய் நீர் வடியும். பார்க்கிறவருக்குக் கொடி அழுவதுபோல இருக்கும்.

யோவான் 15ஆம் அதிகாரத்தில், கொடியைக் கத்தரிக்கிற தோட்டக்காரர் தந்தையே என்கிறார் ஆண்டவர். அப்படியானால் நம் வாழ்வில் வெட்டுப்பட்டதெல்லாம் தந்தையின் கையாலா?

இல்லை, பிள்ளைகளே. செத்தவீட்டில் போயிருந்து "ஆண்டவர் கத்தரித்தார்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1990இல் வீரமுனையில் நம்மவர் கொல்லப்பட்டார்களே, அன்று விழுந்தது கோடாரி. இந்தக் கரை நெடுக முஸ்லிம் ஊர்களிலும் அதே ஆண்டு விழுந்தது. அதைப் பிடித்திருந்தது மனிதர் கை. தோட்டக்காரரின் கை வேறு. தண்டில் மொட்டு இருக்கிற இடத்தைக் 'கண்' என்பார்கள். அவர் விரலால் தடவிக் கண்களை எண்ணி, கண்ணுக்கு மேலே கொஞ்சம் இடம் விட்டுத்தான் வெட்டுவார். இரக்கம் உள்ளவருக்குத்தான் அந்தப் பொறுமை வரும். கோடாரி பட்ட கொடியிலும் ஒரு கண் மிஞ்சியிருக்கிறதா என்று குனிந்து தேடுகிறவரும் அவர்தான்.

1928இல் தோமஸ் அடிகளார் தொடங்கிய யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்தை அறிவீர்கள். அங்கிருந்து நெல்லி ரசம் நம் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. மௌனமாய்ச் செபித்து, முந்திரிகையிலிருந்து இரசம் செய்த துறவிகள் அங்கே இருந்தவர்கள். போரில் அந்தக் கோடாரி பட்டு அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். நம்மைப் போலத்தான்.

இன்னும் சற்று நேரத்தில் திருப்பலிக் கிண்ணத்தில் திராட்சை இரசம் ஊற்றி, ஒரு துளி தண்ணீர் சேர்ப்பேன். திருச்சபை இரசத்தில் வேறொன்றும் கலக்க விடாது. அந்தத் தண்ணீரை மட்டும் விடுகிறது. கலந்தபின் எது தண்ணீர், எது இரசம் என்று யாராலும் பிரிக்க முடியாது. உங்கள் வெட்டுவாயில் வடிகிறதை அந்தத் துளியோடு வையுங்கள்.

எழுந்து நிற்போம்.